கடைசி வீட்டுக் குழாயிலிருந்து: எங்கள் கிராமத்து நீர்ச் சங்கம் பற்றி ஒரு மதிப்பீடு

திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக்கு வடக்கே, புல்மோட்டை வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையில் இருக்கிறேன். ஒழுங்கையின் கடைசி வளவு என்னுடையது. ஊரார் சேர்ந்து கிணற்றுத் தண்ணீரை வீடுகளுக்குக் குழாயில் விடும் எங்கள் நீர்ச் சங்கத்தின் குழாயும் என் வேலியோடு முடிகிறது. விடியப்புறம் இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் வைத்து, சந்தியிலுள்ள தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். கடலுக்குப் போய் வருகிறவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் என் கையால் செய்ததைத்தான் காலையில் சாப்பிடுகிறார்கள். அதனால் இந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதை நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது.

பக்கத்து ஒழுங்கைக்கும் குழாய் இழுக்கப் போகிறார்கள். "அக்கா, இணைப்பு எடுக்கலாமா, கிணறே போதுமா?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறேன். இந்தக் கரையோரத்தில் இப்படிப்பட்ட சங்கங்கள் பல இருக்கின்றன, நான் சொல்வதில் பாதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் காசு. இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்ட விட்டார்கள், அது பெரிய உதவி. மாதாந்தம் ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்றால் 1000 லீட்டர். தொழிலுக்குப் பாவிப்பதையும் சேர்த்து வரும் பில்லைப் பார்த்தால், 20 லீட்டர் கேன் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பது யாருக்கும் விளங்கும். மீட்டர் வாசிக்க வரும் பிள்ளை ஒழுங்காக வருகிறாள், பில்லில் குளறுபடி இல்லை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனித் தண்ணீர். சங்கத்தின் கிணறு கொங்கிரீட் வளையம் இறக்கிய அகலக் கிணறு, கடலிலிருந்து நல்ல தூரம் உள்ளே, மணல் திட்டியின் மேட்டுப் பக்கம். இடத்தைத் தெரிந்தவர்கள் தெரிந்துதான் தெரிவுசெய்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மணலுக்கடியில் இருக்கிற நல்ல தண்ணீர் மழையால் சேர்வது, அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்பு தள்ளி நிற்கும். மேலே ஒரு அடியை அவசரமாக உறிஞ்சினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கள். ஆழக் குழாய்க்கிணறு அடித்து பெரிய மோட்டர் பூட்டியவர்களின் தண்ணீர் சவராகிப் போனதற்குக் காரணம் இதுதான். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இந்தக் கரையில் கிணறு இறைத்தவர்களுக்கு இது அனுபவமாகவே தெரியும். கடல் புகுந்த கிணற்றை மோட்டர் வைத்து வெறியாக இறைக்க இறைக்க உப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. மாரி மழைதான் அதைக் கழுவி இறக்கியது.

சங்கம் இந்த விடயத்தில் பொறுப்பாக நடக்கிறது. சின்ன மோட்டர், மெதுவான இறைப்பு, இரவும் விடியப்புறமுமாகப் பிரித்துத் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள். கச்சான் காற்று அடிக்கும் வரண்ட மாதங்களில் நேரத்தைக் குறைக்கிறார்கள். அப்போது எல்லாரும் முணுமுணுப்பார்கள். நான் முணுமுணுப்பதில்லை. பத்து வருடத்துக்குப் பிறகும் இந்தக் கிணறு இனிக்க வேண்டும்.

கிணற்றைச் சுற்றி வேலி, மேலே மூடி, சுற்றிவரச் சீமெந்துத் தளம், வழிந்த தண்ணீர் ஓடக் கான், எல்லாம் சரி. மலசலகூடக் குழிகள் ஐம்பது அடிக்கு அப்பால்தான் இருக்கின்றன. ஆனால் மணல் நிலத்தில் ஐம்பது அடி என்பது காகிதத்தில் எழுதிய பாதுகாப்பு. களிமண்ணைப் போல மணல் எதையும் பிடித்து வைப்பதில்லை. மேட்டுப் பக்கத்தில் வெங்காயத் தோட்டங்கள் வேறு இருக்கின்றன. அங்கே போடும் யூரியாவும் இங்கே குழிகளில் இறங்குவதும் ஒரே மணலுக்குள்தான் போகின்றன. இது வெறும் பயம் இல்லை, பரிசோதனை அறிக்கையில் தெரிகிறது.

உணவு விற்பதற்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா தண்ணீர் அறிக்கை கேட்டதால், நகரத்து ஆய்வுகூடத்துக்கு நானே மாதிரி கொண்டுபோனேன். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் போத்தலுக்குள் கொஞ்சம் மருந்து இருக்கும், தண்ணீரிலுள்ள குளோரினை உடனே முறிப்பதற்கு. அதைக் கழுவி ஊற்றிவிட்டால் பரிசோதனையே வீண். குழாய் வாயைச் சுட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். இரசாயனப் பரிசோதனைக்கு வேறு போத்தல்.

வந்த முடிவு: குளோரைட்டு, அதாவது உப்புத் தன்மையைக் காட்டுவது, லீட்டருக்கு 180 மில்லிகிராம். எஸ்.எல்.எஸ் 614 என்ற இலங்கைத் தரநிர்ணயம் 250 வரை விடுகிறது. கடினத்தன்மை 210, அதற்கும் எல்லை 250. கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவது இதனால்தான், உடம்புக்கு அதில் பயமில்லை. வரண்ட வலயத்தில் பாறைக்குள் இறக்கிய குழாய்க்கிணறுகள் பலவற்றில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை போடும் புளோரைட்டு, இங்கே எல்லைக்கு நன்றாகக் கீழே இருந்தது. நைத்திரேற்று 31. எல்லை 50 என்பதால் அறிக்கையில் "திருப்திகரம்" என்று அடித்திருந்தார்கள்.

எனக்கு அந்த 31 திருப்தியாக இல்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் குழந்தைகளுக்குத்தான் நைத்திரேற்று ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தி குறைந்து பிள்ளை நீலம் பாயும். எல்லைக்குள் இருக்கும் வரை அந்தப் பயம் இல்லை, ஆனால் இந்த எண் எந்தப் பக்கம் போகிறது என்பதை வருடா வருடம் பார்க்க வேண்டும். சங்கத்திடம் பழைய அறிக்கை கேட்டேன். ஒன்றுதான் இருந்தது, திட்டம் தொடங்கியபோது எடுத்தது. அதில் நைத்திரேற்று இதைவிடக் குறைவு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரி என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொதிப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்றோ உப்போ போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவை கூடத்தான் செய்யும்.

சரி, இனி முக்கியமான விடயம். கிருமியைக் கொல்லப் போடும் மருந்து, குளோரின்.

சங்கத்தின் தாங்கி 20,000 லீட்டர். பம்ப் இயக்கும் தம்பி வெளிற்றும் தூளை (பிளீச்சிங் பவுடர்) கரைத்து, தெளிய வைத்து, தெளிந்த தண்ணீரை ஒரு நீல பரலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தாங்கிக்குள் விடுகிறார். புதுத் தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். லீட்டருக்கு 2 மில்லிகிராம் போட வேண்டுமென்றால் முழுத் தாங்கிக்கு 40 கிராம் குளோரின் தேவை, தூள் கணக்கில் 120 கிராம் போல வரும். அதை அளக்க ஒரு கப்பில் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். கணக்கு சரி, கோடும் சரி. ஆனால் அந்தத் தூள் இருக்கும் இடத்தை நான் கண்ணால் பார்த்தேன். தகரக் கூரை போட்ட பம்ப் அறை, உள்ளே நின்றால் நெற்றி வேர்க்கிறது. மூலையில் வாய் திறந்த பை, வாயை ஒரு கயிற்றால் சுற்றியிருக்கிறது. தூள் கட்டி கட்டியாக இறுகி, பக்கத்திலிருந்த இரும்புத் தராசு துருப் பிடித்திருந்தது. பையிலிருந்து போன குளோரின் அந்தத் தராசைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். வெக்கையிலும் ஈரத்திலும் தூளின் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். பாதியாக இறங்கிய தூளைப் பழைய கோட்டுக்கு அளந்து போட்டால் பாதி மருந்துதான் போகும். இது தம்பியின் குற்றமில்லை. காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் வாளியும் நிழலான அறையும் கொடுக்காமல் அவரிடம் கணக்குக் கேட்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கோடு வரை பிடித்து, ஒரு டி.பி.டி குளிகையைப் போட்டுக் குலுக்கினால் குளோரின் இருக்கிற அளவுக்கு ரோஸ் நிறம் வரும். பக்கத்திலிருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். மருந்து போட்டு அரை மணித்தியாலம் கழித்துத் தாங்கியில் 0.5, கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. சங்கத்திடம் அந்தப் பெட்டி இருந்தது, குளிகையும் இருந்தது. பதிவுக் கொப்பியும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஆனால் எல்லா எண்ணும் தாங்கியடியில் எடுத்தவை. என் வேலிக்குப் பக்கத்தில் யாரும் வந்து ஒரு குளிகை போட்டுப் பார்த்ததில்லை.

போன மாரியில் நான் தம்பியைக் கூட்டிவந்து என் குழாயில் போடச் சொன்னேன். நிறமே வரவில்லை. வெறும் தண்ணீராகவே நின்றது. அதே வாரம் கொடுத்த மாதிரியில் ஈ. கோலை என்ற குடற்கிருமி வந்தது. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் தரநிர்ணயத்தில் 100 மில்லிலீட்டருக்குப் பூச்சியம் என்றுதான் இருக்கிறது, சின்னது பெரியது என்று இல்லை. ஈ. கோலை என்றால் எங்கோ மலம் கலந்திருக்கிறது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் அந்த வழியால்தான் வரும்.

சங்கக் கூட்டத்தில் அறிக்கையை வைத்தபோது முதலில் வந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. "தாங்கியில் நல்லாத்தானே இருக்கு, உங்கட வீட்டுக் குழாயைப் பாருங்க" என்றார்கள். தாங்கியில் நல்லாக இருப்பது எனக்குப் போதாது, தாங்கியடியில் யாரும் குடியிருக்கவில்லை. இரண்டு மூன்று பெண்கள் எனக்காகப் பேசிய பிறகு, தலைவர் அண்ணன் ஆட்களை விட்டுக் குழாய் வழியைத் தோண்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார். ஒழுங்கைத் திருப்பத்தில், மதகுக்குக் கீழே, பி.வி.சி மூட்டு ஒன்று விலகி இருந்தது. மேலே மழைத் தண்ணீரும் வீட்டுக் கழிவும் தேங்கி நிற்கும் இடம். தண்ணீர் ஓடும்போது அந்த மூட்டால் வெளியே கசியும். கரண்ட் போய் அழுத்தம் விழுந்ததும் வெளியிலிருக்கும் அழுக்கை உள்ளே இழுக்கும். மூட்டைத் திருத்தி, அந்தத் துண்டுக்கு மருந்து கூட்டி விட்டுக் கழுவி, மறுபடி பரிசோதித்ததில் பூச்சியம் வந்தது. ஒத்துக்கொண்ட பிறகு வேலை விறுவிறென்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கூட இழுக்கவில்லை.

இந்த இடத்தில் அயலவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழுத்தம் காணாது என்று குழாயில் நேரே மோட்டர் பூட்டி உறிஞ்சாதீர்கள். நீங்கள் உறிஞ்சும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, இப்படியான ஓட்டைகளால் கான் தண்ணீர் உள்ளே வருகிறது. அது உங்கள் வீட்டுக்கும்தான் வருகிறது. தொட்டியில் தண்ணீரை விழவிட்டுப் பிறகு மோட்டர் வைத்து மேலே ஏற்றுங்கள்.

இன்னொரு சண்டை மருந்து மணம் பற்றியது. தேத்தண்ணி மணக்குது, சோறு மணக்குது என்று ஆட்கள் தம்பியைப் பிடித்து ஏசுவார்கள். அவரும் மனிதர்தானே, ஏச்சுக்குப் பயந்து சொட்டைக் குறைத்துவிடுவார். ஏசுகிறவர்கள் தாங்கிக்குப் பக்கத்து வீட்டார். அவர்களுக்கு மணம் குறைந்தால் எனக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. குளோரின் வழி நெடுக அழுக்கோடு சண்டை பிடித்துக் குறைந்துகொண்டே வரும், அதனால் தொடக்கத்தில் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும். அந்த மணம் பிடிக்காதவர்கள் சுத்தமான பானையில் பிடித்து மெல்லிய துணியால் மூடி சில மணித்தியாலம் வைத்தால் போய்விடும். அதைச் செய்வது சுலபம். வயிற்றோட்டத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவது சுலபமில்லை.

என் குசினியில் இந்தத் தண்ணீரை எப்படிப் பாவிக்கிறேன் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் உணவுத் தொழில் செய்யும் பெண்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இடியப்ப மாவைக் கொதிதண்ணீரில் குழைக்கிறேன், பிறகு ஆவியில் அவிகிறது, அதில் பயமில்லை. ஆபத்து சம்பலில் இருக்கிறது. தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், வெங்காயம் எல்லாம் பச்சையாக இடித்து, இளகுவதற்குக் கையால் தெளிக்கும் அந்த ஒரு பிடி தண்ணீர் நெருப்பைக் காண்பதே இல்லை. சொதிக்குப் பால் பிழியும் தண்ணீரும் அப்படித்தான், திரைந்துவிடும் என்று நாங்கள் பெரிதாகக் கொதிக்க விடுவதில்லை. அதனால் இரண்டுக்கும் முதல்நாள் இரவே நன்றாகப் பொங்கிக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்த தண்ணீர்தான். பொங்கிய பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும், விறகை வீணாக்கத் தேவையில்லை. கரண்ட் போய் வந்தால் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, கலங்கல் தெளிந்த பிறகுதான் குடத்தை வைப்பேன்.

கிணறே போதுமா என்பவர்களுக்கு: குளிக்க, துவைக்க, மரத்துக்கு விடக் கிணறு நல்லம். அதை மூடிவிடாதீர்கள். குடிக்க என்றால், சுற்றி எத்தனை குழிகள் இருக்கின்றன என்று பாருங்கள். வளவுகள் துண்டாடப்பட்டு வீடுகள் நெருங்கிவிட்டன. உங்கள் குழி ஐம்பது அடிக்கு அப்பால் இருக்கலாம், பக்கத்து வளவுக் குழி வேலியோடு இருக்கும். மணலுக்கு வேலி தெரியாது. தவிரவும் உங்கள் கிணற்றை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை, சங்கக் கிணற்றில் குறை என்றால் கேட்க ஒரு கூட்டமாவது இருக்கிறது.

கேன் தண்ணீர், அதாவது இயந்திரத்தில் நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடித்த ஆர்.ஓ தண்ணீர், வேறு கதை. எங்கள் மாவட்டத்திலேயே பதவி ஸ்ரீபுர பக்கம் சிறுநீரக நோயால் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், அங்கே ஆர்.ஓ இயந்திரம் வைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. உப்பு, புளோரைட்டு, நைத்திரேற்று மூன்றையும் அது பெருமளவு எடுத்துவிடும். எங்கள் தண்ணீருக்கு இன்றைய நிலையில் அது தேவையில்லை என்பது என் முடிவு. ஆர்.ஓ தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது, கேனைக் கழுவாமல் நிரப்பினால் கேனிலுள்ள பாசி உங்கள் குவளைக்கு வரும். வெயிலில் லொறியில் நாள் முழுக்கச் சுற்றிய கேனை "பில்டர் தண்ணி" என்ற பெயருக்காக நம்ப என்னால் முடியாது. கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கிறவர்கள் மட்டும், நைத்திரேற்று ஏறுகிறதா என்று தெரியும் வரை, நம்பிக்கையான இடத்து ஆர்.ஓ தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாவிப்பது நல்லது. அதைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸிடமும் கேளுங்கள்.

சங்கத்தின் நிர்வாகம் நேர்மையானது. கணக்கை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஆனால் ஒட்டுவது காசுக் கணக்கு மட்டும். தண்ணீர் அறிக்கை தலைவர் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. சமூக நீர்த் திட்டங்களுக்கென்று 2014 இல் தனித் திணைக்களமே அமைத்திருக்கிறார்கள், ஆலோசனைக்கு ஆள் இருக்கிறது, எங்கள் ஆட்கள் போய்க் கேட்பதுதான் குறைவு.

ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். கிணற்றுக்கும் இறைப்புக்கும் காசுக்கும் முழுப் புள்ளி, மருந்துக்கும் பரிசோதனைக்கும்தான் குறைத்தேன். பக்கத்து ஒழுங்கைக்காரர் தாராளமாக இணைப்பு எடுங்கள். நீங்களும் உறுப்பினரானால் வருகிற பொதுக்கூட்டத்தில் நான் கேட்கப் போவதற்குக் கை உயர்த்த ஆள் கூடும்: வெளிற்றும் தூளுக்கு இறுக்கமான மூடி போட்ட வாளி, வாரத்தில் ஒரு நாளாவது கடைசிக் குழாயில் குளிகைப் பரிசோதனை, மாரிக்கு முன்னும் பின்னும் ஆய்வுகூட அறிக்கை, அந்த அறிக்கையும் காசுக் கணக்குக்குப் பக்கத்தில் வாசிகசாலைச் சுவரில். வாளியை நானே வாங்கித் தருகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.